மீனுக்குச் சிவப்பு

கடைசியாவா? நான் கடைசியா உங்க தங்கச்சிய உயிரோட பாத்தப்ப, அடுப்பு முன்னாடி நின்னு முட்டை அடிச்சிக்கிட்டு இருந்தா, மச்சான். நான் பாத்த கடைசியச் சொல்றேன். அதுக்கும் அப்புறம் ஒண்ணு இருக்கு, அது நீங்க பாத்தது. அத நீங்களே வச்சுக்கோங்க. நான் கேக்கல.

சாப்பிடுங்க. வந்து உக்காந்ததுலேர்ந்து தட்ட மொறைச்சுக்கிட்டே இருக்கீங்க. மீன்தான் அது. ஆமா, டம்ளர்ல இருக்கறது சிவப்பு ஒயின்தான். மீனுக்கு வெள்ளை ஒயின்தான்கறது உங்க சட்டம், இங்க மீனுக்குச் சிவப்பு. பாருங்க, மூக்கு எப்படி மேல ஏறுதுன்னு! இத்தன வருஷம் ஜெயில்ல வெந்ததும் வேகாததுமாத் தின்னுட்டு வந்திருக்கீங்க, அந்த மூக்கு மட்டும் போன மாதிரியே வந்திருக்கு.

முனைக்கடையில வாங்கினது. திருகினாத் தெறக்கும். கார்க் கெடையாது, வருஷம் கெடையாது, எந்த மலைச்சரிவுல வெளைஞ்சுதுங்கற எழவும் கெடையாது. குடிச்சா நல்லாயிருக்கும், அவ்வளவுதான். குடிங்க.

கத்தியப் பாக்காதீங்க. ரொட்டி வெட்ட எடுத்து வச்சேன். சரி, பொய். ரொட்டிக் கத்தி அந்த டிராயர்ல இருக்கு. இது எலும்பு எடுக்கற கத்தி. காலைல நீங்க கீழ ரோட்டோரம் நின்னு மேல பாத்துக்கிட்டே இருந்தீங்கல்ல, ஏறலாமா வேணாமான்னு? அப்ப எடுத்து வச்சது. உங்கள என்ன பண்றதுன்னு நான் இன்னும் முடிவு பண்ணல. மறைக்கறதுக்கு என்ன இருக்கு? உக்காந்திருக்கற ஆளுக்குத் தெரிஞ்சிருக்கணும் பாருங்க.

கதவு பூட்டல. எழுந்து போறதுன்னா இப்பவே போகலாம். ஆனா போக மாட்டீங்க. வாசல்ல நின்னு ஒண்ணு கேட்டீங்களே, அன்னிக்கு அவ உங்களப் பத்தி ஏதாவது சொன்னாளான்னு. அதுக்குப் பதில் வாங்காம நீங்க நகர மாட்டீங்க. பதில் இருக்கு. தர்றேன். மொதல்ல தட்டு காலியாகட்டும்.

மெல்ல முடியலையா? அட, பல்லு எங்க போச்சு? உள்ளயா? யாரு? சக கைதியா... எதுக்கு? என்னது? சூப்புல உப்பு சரியில்லன்னு சொன்னீங்களா! கொலை கேஸுல உள்ள போயி, சோத்து வரிசையில நின்னுக்கிட்டு, சூப்புல உப்பு சரியில்லன்னு! மன்னிச்சுக்கோங்க, சிரிக்கக் கூடாதுதான். அடக்க முடியல. தட்டால அடிச்சானா, கையாலயா? தட்டா. விளிம்பு பட்டிருக்கும். எத்தன பல்லு? மூணா? எனக்கு ஒண்ணுதான் போச்சு, இதோ இந்தப் பக்கம். அது நீங்க எடுத்தது. அப்ப கணக்குல நீங்க முன்னாடி இருக்கீங்க.

குடுங்க தட்ட. சின்னச் சின்னதாப் பிச்சுத் தர்றேன். முள்ளு இருக்கு.

வெங்காயம் நல்லாயிருக்கா? ரெண்டாவது தடவ எடுத்துக்கிட்டீங்க. இன்னும் போட்டுக்கோங்க, நிறைய இருக்கு. வெங்காயத்த மெல்லிசா அரிஞ்சு, உப்புப் பெசறி, வினிகர் ஊத்தி வச்சது, அவ்வளவுதான். வினிகர் எங்க வாங்கினதுன்னா கேக்கறீங்க? கடையில கெடைக்கற மாதிரி இல்லையா? மூக்கு மூக்குதான். அப்புறம் சொல்றேன்.

அவ முட்டை அடிச்சிக்கிட்டு இருந்தா. ஏப்ரன் நாடாவ முன்பக்கம் கொண்டுவந்து முடிச்சுப் போட்டிருந்தா. பின்னாடி கட்ட மாட்டா, தெரியுமா? உங்க ஓட்டல் கிச்சன்ல சின்னப் பொண்ணா இருந்தப்ப பின்னாடி கட்டின முடிச்சப் புடிச்சு இழுப்பீங்களாமே, தப்பான கிளாஸ எடுத்துட்டான்னா. இழுத்துத் திருப்பி நிறுத்தி அறைவீங்களாம். அதுலேர்ந்து முன்னாடிதான் கட்டுவா. என்கூட இருந்த வரைக்கும், இந்த வீட்டுல அவள யாரும் இழுக்க ஆளில்லாதப்பகூட, முன்னாடிதான்.

மறந்துட்டீங்களா? அது அவ சொன்னது. மிச்சத்த நான் கண்ணால பாத்தவன். உங்க ஓட்டல் பின்வாசல்ல கறி எறக்க வருவேன்ல, தோள்ல பாதி ஆட்டப் போட்டுக்கிட்டு. அப்பல்லாம் எல்லாம் கண்ணுல படும். அவ கண்ணக் கட்டி ஸ்டூல்ல உக்கார வச்சிருப்பீங்க. எதிர்ல நாலஞ்சு கிளாஸு. ஒரு வாய் குடிச்சுட்டு இது எந்த ஊரு, எதோட குடுக்கணும்னு அவ சொல்லணும். அவ, இது ஆட்டுக்கறியோட, அப்படின்னு ஆரம்பிப்பா. ஆரம்பிச்சதுமே கைவிரல் முட்டியில உங்க கார்க் திருகோட கட்டைப்பிடி எறங்கும். மிச்சத்தச் சொல்ல விட மாட்டீங்க. ஆட்டுக்கறியோட குடுக்கக் கூடாதுன்னு சொல்ல வந்திருப்பா, பாவம். பாதி தடவை அவ சொல்ல வந்தது சரியாத்தான் இருக்கும். ஆனா உங்களுக்கு ஒரு பேச்சு முடியற வரைக்கும் கை பொறுக்காது.

சர்வருங்களுக்கும் அதேதானே. ஒருத்தன் வெள்ளை ஒயின ஐஸ் வாளியில வைக்காம கொண்டுவந்துட்டான்னு, அவன் கையப் புடிச்சு அந்த வாளியில அமுக்கி, மணிக்கட்டு வெளுக்கற வரைக்கும் விடல நீங்க. அவன், சார், அந்த மேசைக்காரரே, சார், அந்த மேசைக்காரரேன்னு கத்தினான். நான் ஆட்டத் தோள்ல வச்சுக்கிட்டு நிக்கறேன். அந்த மேசைக்காரரே ஐஸ் வேணாம்னு சொன்னாருன்னு அவன் சொல்லி முடிக்கறதுக்கு எத்தன நேரமாச்சு தெரியுமா? அதுக்குள்ள விரல் நீலமாப் போச்சு.

நானும் ஒண்ணும் பண்ணல. கறிய கொக்கியில மாட்டிட்டு வந்துட்டேன். வேலை அப்படி. ஆனா அவ பாத்தா. கண்கட்ட மேல தூக்கி என்னையும் பாத்தா, அந்த சர்வரையும் பாத்தா, சிரிச்சா. எனக்குக் கோவம் வந்துச்சு, என்னடா இது, ஒருத்தன் துடிக்கறான், இவ சிரிக்கறாளேன்னு. அப்புறம் பழகினப்பதான் தெரிஞ்சுது. பயந்தா அவளுக்குச் சிரிப்பு வந்துடும். சில பேருக்கு விக்கல் வரும்ல, அந்த மாதிரி. பல்லு டாக்டர் ஊசிய எடுத்தாக்கூட சிரிப்பா. உங்க அப்பா செத்த அன்னிக்கு ஆஸ்பத்திரி வராண்டாவுல சிரிச்சா. நீங்க எல்லார் முன்னாடியும் அறைஞ்சீங்க.

உங்களுக்குத் தெரியாதா அது? கூடப் பொறந்தவரு. நெஜமாத் தெரியாதா?

சரி. குடிங்க.

கல்யாணம் பண்ணிக்கப் போறோம்னு சொன்னப்ப வந்தீங்களே என் கடைக்கு, ஞாபகம் இருக்கா? வெள்ளைக் கோட்டோட. கறி வெட்டறவனுக்கு எங்க வீட்டுப் பொண்ணு கேக்குதான்னு. நான், உக்காருங்க மச்சான், அப்படின்னு மரியாதையாத்தான் ஆரம்பிச்சேன். உ-ன்னு வாய் தெறந்ததுதான். கத்தி தீட்டற கம்பிய மேசைலேர்ந்து எடுத்து வாய்லயே போட்டீங்க. பல்லு மரக்கட்டைமேல விழுந்து உருண்டுச்சு. நான் அதையே பாத்துக்கிட்டு நின்னேன். அப்புறம் உங்கள இடுப்போட சேத்துத் தூக்கி, கோட்டுக் காலரக் கொக்கியில மாட்டி விட்டேன். ரெண்டு பன்னிக்கு நடுவுல. காலு தரைல படாம உதைக்கறீங்க. என் வாய்லேர்ந்து ரத்தம் உங்க வெள்ளைக் கோட்டுல, பன்னி ரத்தமும் உங்க கோட்டுல, எது எதுன்னு தெரியல. அவ வாசல்ல நின்னு சிரிச்சா. அன்னிக்கு மட்டும் அது பயத்துல வந்த சிரிப்பு இல்ல. நெஜமாவே சிரிச்சா.

கோட்டு கிழிஞ்சு நீங்களா விழுந்தீங்க. நான் எறக்கி விடல.

நாங்க ரெண்டு பேரும் எப்படி இருந்தோம்னு ஒரு தடவையாவது வந்து பாத்திருக்கலாம். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த மொத நாள், நான் அவளுக்குப் பிடிக்குமேன்னு ஒரு ஒயின் வாங்கிட்டு வந்தேன். எனக்கு ஒண்ணும் தெரியாது. கடைக்காரன் எத எடுத்துக் குடுத்தானோ அது. வாங்கிட்டேனே தவிர பயம், எதோட சாப்பிடணும், எந்த கிளாஸு, தெரியாம அசிங்கப்படப் போறோமேன்னு. நீ சொல்லு, நான் அதையே சமைக்கறேன்னேன். அவ பாட்டில வாங்கி, எவர்சில்வர் டம்ளர்ல ஊத்தி, ஐஸ் கட்டி ரெண்டு போட்டு, நேத்து மிஞ்சின உருளைக்கிழங்கு வறுவலத் தட்டுல கொட்டி வச்சா. வச்சுட்டு, கதவப் பாத்தா. யாராவது வந்துடுவாங்களோங்கற மாதிரி. யாரும் வரல. ஒரு வாய் குடிச்சா. இன்னொரு வாய் குடிச்சா. அப்புறம் ஏங்க, யாருமே வரலியேன்னா.

அப்புறம் அவளப் புடிக்க முடியல. எதோட வேணும்னாலும் குடிப்பா. ஈரல் வறுத்தா ஒயின், பன்னு வாங்கினா ஒயின், மழை பேஞ்சா ஒயின். குடிகாரின்னு சொல்லல, ஒரு டம்ளர்தான், அதுக்கு மேல போனா தூங்கிடுவா. தக்காளி சாஸ் தொட்டுக்கிட்டு குடிப்பா. ஒரு தடவ ஒயின்ல பிஸ்கட்ட நனைச்சுத் தின்னா. நான் கேப்பேன், உங்க அண்ணன் பாத்தா என்னடி பண்ணுவாருன்னு. அண்ணனுக்கும் ஒரு பிஸ்கட் குடுப்பேன்னுவா.

உங்களுக்கு விருந்துன்னா அது ஒரு பரீட்சை. அவளுக்கு அது சாப்பாடு. அதுதான் வித்தியாசம், வேற ஒண்ணுமில்ல.

உங்க அப்பா வச்சுட்டுப் போன ரெண்டு பாட்டிலப் பத்தித்தானே எல்லாம். ஓட்டல் தெறந்த வருஷத்து ஒயின். ஆளுக்கு ஒண்ணு, அண்ணனுக்கு ஒண்ணு தங்கச்சிக்கு ஒண்ணுன்னு அவரு வாயால சொன்னது. உங்களோடத நீங்க குடிச்சுட்டீங்க. அவளும் இருந்தா அந்த விருந்துல. பெரிய பெரிய ஆளுங்கள உக்கார வச்சு, அதுக்குன்னு ஒரு கறி, அதுக்குன்னு ஒரு கிளாஸு, எல்லாரும் மூக்க உள்ள விட்டு மோந்துக்கிட்டு. வீட்டுக்கு வந்து என்ன சொன்னா தெரியுமா? ஒயின் நல்லாயிருந்துச்சுங்க, ஆனா ஒருத்தர்கூட சிரிக்கலன்னா.

அவளோடது உங்க ஓட்டல் நெலவறையிலயே இருந்துச்சு. கறிக்கடைக்காரன் வீட்டுல சூடு ஜாஸ்தி, கெட்டுப்போயிடும்னு நீங்க குடுக்கல. சரின்னு விட்டா. நீங்க அதுக்கும் ஒரு விருந்து நெனைச்சு வச்சிருந்தீங்க, ஓட்டலப் பெருசாக்கப் பணம் போட வர்ற ஆளுங்களுக்கு. அவகிட்ட ஒரு வார்த்த கேக்கல. சர்வருங்க பேசிக்கிட்டது அவ காதுல விழுந்துச்சு. அந்தக் கடைசி நாள் காலைல நேராப் போயி, நெலவறையத் தெறந்து, எடுத்து, துணிப்பையில போட்டுக்கிட்டு பஸ்ல வந்துட்டா. அவளோட பாட்டில் அது, மச்சான். அதுல உங்களுக்கு மாத்துக் கருத்து இருந்தா இப்ப சொல்லுங்க.

டம்ளரக் கையில எடுத்துட்டீங்க. சரி.

இங்கதான் தெறந்தா, இந்த மேசைல. கார்க் பழசு, திருகினதும் தூளா உதுந்து பாதி உள்ள விழுந்துடுச்சு. நான் பதறிட்டேன். அவ, அட இதுக்குப் போயா, அப்படின்னு டீ வடிகட்டிய எடுத்தா. இன்னிக்கு விருந்து இல்ல, யாருக்கும் பொறந்த நாள் இல்ல, ஒண்ணுமில்ல. முட்டையத் தோசை மாதிரி தட்டையா ஊத்தி, வெங்காயம் போட்டு, அதோட குடிக்கப் போறோம்னா. ஐஸ் தட்டப் பாத்தா, நம்ம பழைய ஃபிரிட்ஜு, நாலு கட்டிகூட தேறாது. போயி முனைக்கடைல ஐஸ் வாங்கிட்டு வாங்கன்னா. இன்னும் ஒரு வார்த்தையும் சொன்னா. அதுக்கு வர்றேன். அவசரப்படாதீங்க. அதுதான் நீங்க கேட்டது. அதுக்குத்தான் வர்றேன்.

நான் ஐஸ் வாங்கப் போனேன்.

கடையில கூட்டம். திரும்பி வர்றப்ப படியில நீங்க எறங்கி வர்றீங்க. ஞாபகம் இருக்கா? நான் ஒதுங்கி வழி விட்டேன். வாங்க மச்சான், அதுக்குள்ள கெளம்பிட்டீங்களான்னு கேட்டேன்! உங்க கையில பாட்டிலோட கழுத்து மட்டும் இருந்துச்சு. நான் அத ஒரு சாவிக்கொத்து மாதிரி பாத்தேன். மூளை அப்படித்தான் வேலை செய்யுது.

உள்ள வந்தேன். முட்டை தீஞ்சுக்கிட்டு இருந்துச்சு. அவ அங்க, ஆமா, இப்ப உங்க கால் இருக்கற எடத்துல, பக்கவாட்டுல கெடந்தா. பச்சைக் கண்ணாடிச் சில்லு முடியெல்லாம். நான் வாழ்நாள் பூரா ரத்தத்துல நின்னவன். காலைல எழுந்தா ரத்தம், சோப்புப் போட்டுக் கழுவினா ரத்தம். அது எவ்வளவு வேகமா வந்தா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? தெரியும். பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. ஆனாலும் அந்த ஐஸ் பைய பல்லால கிழிச்சு, தலைல வச்சு அமுக்கினேன். ரெண்டு கையாலயும். ஐஸ் சிவப்பாச்சு. இன்னும் அள்ளி வச்சேன். அதுவும் சிவப்பாச்சு. பை காலியாகற வரைக்கும் அதத்தான் பண்ணேன். மேல்வீட்டுக்காரங்க வந்து என் கைய விலக்கினாங்க. அதுக்குள்ள கை மரத்துப் போயி, அவ சூடா இருக்காளா இல்லியான்னே எனக்குத் தெரியல.

நிமிந்து பாருங்க. நான் சொல்றப்ப நிமிந்து பாரு. உன்னத்தான்.

அப்படி. இப்ப சாப்பிடுங்க.

கேஸு நடந்தப்ப நான் வருவேன்ல, கடைசி பெஞ்சுல உக்காருவேன். இந்தக் கத்திதான் இடுப்புல இருக்கும், ரொட்டி சுத்தற காகிதத்துல மடிச்சு. யாரும் சோதிக்கல. அழுதுக்கிட்டே வர்ற புருஷனச் சோதிக்க மாட்டாங்க. எனக்குத் தெரிஞ்ச வேலை ஒண்ணுதான், மச்சான். ஒரு உடம்பு எங்க தொட்டா எங்க பிரியும்னு கைக்கே தெரியும், கண்ணு வேண்டாம். கடையில ஒவ்வொரு ஆட்ட மாட்டறப்பவும் உங்களத்தான் மாட்டினேன். தோள் மூட்டுல ஆரம்பிப்பேன். அப்புறம் விலா. பொறுமையாத்தான். வாடிக்கைக்காரங்க சொல்லுவாங்க, இப்பல்லாம் உங்க வெட்டு ரொம்பச் சுத்தமா இருக்குன்னு.

நீங்க கூண்டுல நின்னு சொன்னீங்க. உள்ள போனேன், பாட்டில் காலியா மேசைல இருந்துச்சு, ஒரு சொட்டு இல்ல. சிங்க்ல சிவப்பாக் கறை. எங்கடி ஒயின்னு கேட்டேன். அவ என்னப் பாத்து சிரிச்சா. எங்க அப்பாவோட ஒயின சாக்கடைல ஊத்திட்டு சிரிச்சா. அதுல எனக்கு என்ன பண்றேன்னே தெரியலன்னு. ஜட்ஜுகூட எழுதறத நிறுத்திட்டு உங்களப் பாத்தாரு. பாவம், அப்பா ஞாபகமாச்சேன்னு நெனைச்சாரோ என்னவோ.

உங்கள வெளிய கூட்டிட்டு வந்தப்ப ரெண்டு போலீஸ்காரங்க நடுவுல என் பக்கத்துலயே போனீங்க. கை எட்டற தூரம். காகிதம் பிரிச்சாச்சு. கத்திப்பிடி கையில. அப்ப நீங்க என்னப் பாத்து, பூராவையும் ஊத்திட்டா, பூராவையும் ஊத்திட்டான்னு சொன்னீங்க. உங்க தங்கச்சி செத்துட்டா, நீங்க அதச் சொல்றீங்க. நான் பிடிய விட்டுட்டேன்.

ஏன்னா அவ ஊத்தல.

நான்தான் சொன்னேனே, கார்க் உதுந்துபோச்சுன்னு. வடிகட்டணும்னா வேறொண்ணுல ஊத்தித்தானே ஆகணும். டீ வடிகட்டி வச்சு, தண்ணி ஜக்குல வடிச்சா, கடைசிச் சொட்டு வரைக்கும். வடிகட்டிய சிங்க்ல கழுவினா, அதான் அந்தக் கறை. ஜக்கு மேல ஒரு தட்டப் போட்டு மூடி, ஜில்லுன்னு இருக்கட்டும்னு ஃபிரிட்ஜுக்குள்ள வச்சா. நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். அப்புறம் எல்லாம் மறந்துபோச்சு. போலீஸ் வந்து பாட்டில் சில்லப் பொறுக்கினாங்க, ஏப்ரன எடுத்துட்டுப் போனாங்க, வாணலிய எடுத்துட்டுப் போனாங்க. ஃபிரிட்ஜ யாரும் தெறக்கல. அவள அடக்கம் பண்ணிட்டு வந்து, எல்லாரும் போனப்புறம், தண்ணி குடிக்கலாம்னு நான் தெறந்தேன். அப்படியே இருந்துச்சு. பூரா பாட்டிலும். நீங்க நின்ன எடத்துலேர்ந்து கைய நீட்டினா ஃபிரிட்ஜு கதவு.

கோர்ட்டுல ஏன் சொல்லலையா? சொல்லியிருந்தா ஜக்கையும் ஒரு பையில போட்டு, சீல் வச்சு எடுத்துட்டுப் போயிருப்பாங்க. அவ கையால வடிச்சது அது. அப்புறம், இன்னொண்ணும் இருக்கு. நீங்க போலீஸ் நடுவுல அப்படிச் சொன்னீங்கல்ல, அப்பதான் எனக்குப் புரிஞ்சுது, உங்களுக்கு இது தெரியாதுன்னு. இடுப்புல இருக்கற கத்தியவிட ஆழமா எறங்கற ஒண்ணு வீட்டுல இருக்குன்னு புரிஞ்சுது. ஒரு நாள் நீங்க வெளிய வருவீங்க, வந்தா இங்கதான் வருவீங்க, அப்ப சொல்லணும்னு வச்சிருந்தேன். இத்தன வருஷமா அதத்தான் வச்சிருந்தேன்.

இல்ல, அவ்வளவுதான்னு நெனைக்காதீங்க. நீங்க கேட்டதுக்கு இன்னும் பதில் சொல்லல.

ஐஸ் வாங்கப் போனேன்ல. வாசல்ல செருப்பு மாட்டறப்ப சொன்னா, பெரிய பையா வாங்குங்க, மூணு பேருக்கு வேணும்னு. யாரு மூணாவதுன்னேன். எங்க அண்ணந்தான், வரச் சொல்லி சர்வர்கிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன்னா. அப்பா குடுத்தத அண்ணன் இல்லாம எப்படிக் குடிக்கறதுன்னா. ஐஸ் போட்டு, முட்டையோட குடுக்கப் போறேன், நல்லாத் திட்டட்டும், ரெண்டு வாய் உள்ள போனா அதுவே சிரிக்கும் பாருங்கன்னா. சிரிக்கும்னா. உங்கள அது இதுன்னுதானே சொல்லுவா, ஆசையா இருந்தா.

மேசைல மூணு டம்ளர் இருந்துச்சு. நீங்க எண்ணல.

அந்த சர்வர நான் அப்புறம் போயிப் பாத்தேன். ஐஸ் வாளியில கைய வச்சு அமுக்கினீங்களே, அவன்தான். அழுதுட்டான். உங்க தங்கச்சி பாட்டில எடுத்துட்டுப் போயிட்டாங்க சார், அப்படின்னு ஆரம்பிச்சேங்க, அதுக்குள்ள செவுட்டுல ஒண்ணு விட்டுட்டு வண்டிய எடுத்துட்டாருங்கன்னான். மத்தியானம் சாப்பிட வரச் சொன்னாங்கங்கறது அவன் வாய்க்குள்ளயே நின்னுபோச்சு. எப்பவும்போலத்தான். பாதியில அடிச்சீங்க.

மெதுவா. மெதுவா மச்சான். மேசையப் புடிச்சுக்கோங்க. எழுந்திருக்க வேண்டாம். தண்ணி வேணுமா? இருங்க. கத்திய எடுத்து உள்ள வச்சிடறேன், கை பட்டு வெட்டிடப் போகுது. அதுக்கு இனிமே இங்க வேலை இல்ல.

நான் அத ஒரு டம்ளர் குடிச்சேன். அன்னிக்கே. எதோட குடிக்கறதுன்னு யோசிக்கல, வீட்டுல எதுவும் இல்ல, காய்ஞ்ச ரொட்டி இருந்துச்சு, அதோட. நல்லாயிருந்துச்சு. அவ ஒண்ணுக்குமேல குடிச்சா தூங்கிடுவான்னு சொன்னேன்ல, நானும் இதே மேசைல தலைய வச்சுத் தூங்கிட்டேன். மிச்சத்தத் தொட மனசு வரல. கொட்டவும் மனசு வரல. ஒரு கண்ணாடி ஜாடியில ஊத்தி, வாய்க்கு அவ கைக்குட்டையக் கட்டி, அலமாரியில வச்சுட்டேன். கொஞ்ச நாள்ல புளிச்சு, மேல ஆடை மாதிரி ஒண்ணு கட்டுச்சு. தூக்கிப் போடறதான்னு பாத்தேன். ஒரு விரல் தொட்டு நாக்குல வச்சேன். நல்ல வினிகர். அதுலேர்ந்து, டம்ளர்ல ஏதாவது ஒயின் மிஞ்சினா அதுல ஊத்திடுவேன். கொறையக் கொறைய ஊத்துவேன். அது தானா அதையும் புளிக்க வச்சுக்கும். சாப்பாட்டுக்குத் தெனம் கொஞ்சம் எடுத்துக்குவேன், கீரையோ, மீனோ, எதுவா இருந்தாலும். எதுவோடயும் சேரும்.

வெங்காயத்துல இருக்கற வினிகர் எங்க வாங்கினதுன்னு கேட்டீங்கல்ல. வாங்கல.

தட்டு காலியாயிடுச்சு பாருங்க. வெங்காயம் இன்னும் கொஞ்சம் போடட்டுமா? யோசிக்காதீங்க. ஜாடியில இன்னும் பாதி இருக்கு.